நேய் ரூதாவின் கடி

பாறை இடுக்கிலிருந்து கம்பியால் கிளறி இழுத்த பேய்க்கணவாயை நேய் ரூதா முகத்துக்கு நேரே தூக்குவாள். அதன் எட்டுக் கைகளும் தோள்வரை ஏறுவதற்குள் கண்களுக்கு நடுவே நறுக்கென்று ஒரு கடி. கைகள் துவண்டு தொங்கும். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அடுத்த பொந்துக்கு நடப்பாள்.

பசிபிக் தீவான தராவாவில் கடல் வற்றும் நேரமெல்லாம் அவளை அங்கே பார்க்கலாம். 'நேய்' என்பது அந்தத் தீவில் பெண்களின் பெயருக்கு முன் சேர்க்கும் மரியாதைச் சொல். வயது ஐம்பத்திரண்டு. தாழை ஓலைத் தொப்பி, மகனின் பழைய கால்பந்துச் சட்டை. பொந்துக்குள் கம்பியை விட்டபடி, "வெளிய வா மாப்பிள்ளை, வெக்கப்படாத" என்று கொஞ்சுவாள். தூண்டில் முடிச்சு, அரிசி மூட்டையின் தையல் எதுவானாலும் பல்தான். "கத்திய எங்க வச்சோம்னு தேடுற நேரத்துல பல்லு வேலைய முடிச்சிரும்" என்பாள்.

அந்தப் பல்லுக்குத்தான் போன வருடம் ஏதோ ஆயிற்று. விடிந்து எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சூடான தேநீர் வாயெல்லாம் எரிந்தது. சுட்ட பலாக்காயைக் கடித்தால் அதில் ரத்தக்கறை. ரூதா கறைபட்ட துண்டை நாய்க்குப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். ஊர்மண்டபத்தில் சிரிக்கும்போது மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் கடி வழுக்கிவிட்டது. முன்பல் ஆடி விலக, பேய்க்கணவாய் கன்னத்தோடு கழுத்தையும் சேர்த்துப் பற்றிக்கொண்டது. கூட வந்த நாத்தனார் நேய் மரையாதான் ஒவ்வொரு கையாகப் பிய்த்தெடுத்தாள். உயிரோடு அது நழுவி ஓடியது. "கிழவியாயிட்டீங்க அண்ணி. இனிமே சிப்பி பொறுக்குங்க" என்று மரையா சிரித்தாள். ரூதா கூடச் சிரித்தாள். ஆனால் மூன்று வாரம் கடல் பக்கமே போகவில்லை.

நாலாவது வாரம் பேருந்து ஏறிப் பல் வைத்தியசாலைக்குப் போனாள். அங்கே மெரே என்ற பெண் ஈறு முழுக்கக் கம்பியால் தொட்டுப் பார்த்துவிட்டு, மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டாள். ரூதாவுக்குச் சுருக்கென்றது.

"பல்லக் காட்ட வந்தேன். அது உனக்கு எதுக்கு?"

"ரெண்டும் ஒரே உடம்புலதானே இருக்கு, அம்மா."

நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் உடம்பில் ஊறும் ஒரு ஹார்மோன் குறைந்துபோகிறது, அதனால் எச்சில் வற்றலாம், ஈறு மெலியலாம், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் தேயலாம் என்று மெரே விளக்கினாள். அதோடு ஈறுக்கடியில் பல வருட அழுக்கும் கெட்டிப்பட்டிருந்தது. ஒரு பல் போயே தீரும், மற்றவற்றைக் காப்பாற்றலாம். மென்மையான தூரிகையால் இரண்டு வேளை துலக்க வேண்டும், அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், தேநீரில் இனிப்புக்குக் கள்ளுப்பாகு ஊற்றக் கூடாது, சுருட்டு ஆகாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். கடைசியாக, பேய்க்கணவாயைக் கடிக்கவே கூடாது.

ரூதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கள்ளுப்பாகை மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. இப்போது கடிக்குப் பதிலாகக் குத்துவதற்குக் கூர்தீட்டிய ஆணியொன்றைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு கடலுக்குப் போகிறாள். முதல் நாள் அதைக் கண்டதும் மரையா, "பல்லு எங்க போச்சு அண்ணி, அடகா?" என்று ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை ரூதா சிரிக்கவில்லை. முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள்: நின்றுபோனது, எரிச்சல், ரத்தம், நாய்க்குப் போட்ட பலாக்காய். பிறகு உதட்டைத் தூக்கி, பல் பிடுங்கிய இடத்தைக் காட்டினாள். "மூணு வாரம் அழுதேன்டி. கிழவியாயிட்டேன்னு நெனச்சு. இதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே."

மரையா கையிலிருந்த கூடையைப் பாறைமேல் வைத்தாள். கடல்நீரில் விரலைக் கழுவிக்கொண்டு, கீழுதட்டை இழுத்துப் பிடித்து, அண்ணியின் பக்கம் வாயைத் திறந்தாள்.