ஐந்தாம் வகுப்பு டீச்சரும் எக்ஸ்பிரஸும்

எங்கள் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் பத்தொன்பது வருஷமாக ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கிறார். அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் தேறிப் போய்விட்டார்கள், அவர் மட்டும் தேறவில்லை என்று நான் கிண்டல் செய்வதுண்டு. நான் டிரில் மாஸ்டர். மழை பெய்தால் எனக்கு வேலை கிடையாது; அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்க நிறைய நேரம் இருக்கும். டீச்சர் தங்கமான மனுஷி. புத்தகத்தைத் திறக்காமலே எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கு என்று சொல்வார். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் தொட்டதே இல்லை. "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல சார்" என்பார்.

அவர் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். நாற்பத்தைந்து பேருக்குக் கழித்தலில் கடன் வாங்கக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் பிடித்தது. மிச்சமிருந்த ஒருத்திக்கு ஸ்டாஃப் ரூமில் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தோம். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. டீச்சர் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் இவள் விடையை எழுதிவிட்டு, "அடுத்து என்ன டீச்சர்?" என்று வந்து நிற்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே டீச்சர் அவளுக்கு ஏதாவது வேலை தேடுவார்.

முதலில் சாக்பீஸ் எடுத்து வர அனுப்பினார். போன வேகத்தில் வந்துவிட்டாள். வருகைப் பதிவேட்டைக் கூட்டச் சொன்னார். போன வருஷத்துக் கூட்டலில் ஏழு தப்புகளைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். தலைமை ஆசிரியர் அசந்துபோய்ப் பள்ளிக்கூடத்து டைம்டேபிளைக் கொடுத்தார். நாங்கள் ஆறு பேர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்கிற வேலை அது. ஒரே பீரியடில் முடித்துவிட்டு, நான் வாரத்தில் நான்கு பீரியட் சும்மா இருப்பதையும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு அவளைக் கண்டால் ஆகாது.

அரைப்பரீட்சைக்கு ஐந்தாம் வகுப்புக் கேள்வித்தாளை அவளே தயாரித்தாள், அவளே பரீட்சை எழுதினாள், அவளே திருத்தினாள். தனக்குத் தொண்ணூற்றெட்டு போட்டுக்கொண்டாள். கையெழுத்துக்காக இரண்டு மார்க் குறைத்திருந்தாள். என்ன நேர்மை என்று தலைமை ஆசிரியர் பிரேயரில் பாராட்டி எல்லாரையும் கை தட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அவள் அம்மா அரைநாள் லீவு போட்டு வந்தார். விடைத்தாளைப் பார்த்தார்.

"இதைத் திருத்தினது யாரு?"

"நான்தாம்மா" என்றாள் மகள்.

"கேள்வி எடுத்தது?"

"அதுவும் நான்தான்."

அந்த அம்மா டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க என்னதான் சொல்லிக்குடுத்தீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஒண்ணும் சொல்லித்தரலம்மா. அவளுக்குத் தெரியாதது எங்கிட்ட எதுவும் இல்ல."

"எங்க கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பட்டன் தைக்கவாவது கத்துக்கிட்டிருப்பா. திங்கக்கிழமை லெட்டரோட வரேன். டீசி குடுத்துடுங்க, வேற ஸ்கூல் பாத்துக்கறேன்."

தலைமை ஆசிரியர் ஆடிப்போனார். "அவ போயிட்டா முழுப்பரீட்சைக்குக் கேள்வி யாரு எடுக்கறது?" என்று எங்களிடம் கேட்டார்.

டீச்சருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "அவ படிக்க வந்த பொண்ணு சார். நாம கிளார்க் வேலைக்குச் சேத்துக்கிட்டோம்."

சனிக்கிழமை என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு, அவளுக்கு வராத கணக்கு ஒன்றைக் கேட்டு, உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாத்தியார் எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு கணக்குக் கொடுத்தார். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால்? டீச்சர் நாலரை என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"ஒரு குழாயே மூணு மணி நேரத்துல நெரப்பிடுதே, இன்னொண்ணும் தொறந்தா லேட்டாகுமா?" என்றார் வாத்தியார்.

டீச்சர் நகத்தைக் கடித்தார். நான்காவது தடவை விளக்கியபோது அவருக்குப் பிடிபட்டது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை முதல் பீரியடில் அந்தக் கணக்கை எக்ஸ்பிரஸிடம் கொடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் நாலரை என்று எழுதி நீட்டினாள். டீச்சர் சிவப்பு மையில் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அவள் குறியை உற்றுப் பார்த்தாள். தன் நோட்டுத்தானா என்று அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "நான் சொல்லட்டுமா கண்ணு?"

"வேணாம் டீச்சர். சொல்லாதீங்க."

இன்டர்வெல் மணி அடித்தது. நாற்பத்தைந்து பேரும் ஓடினார்கள், அவள் நகரவில்லை. அப்போதுதான் அவள் அம்மா லெட்டரோடு வந்து நின்றார்.

"பையை எடு, போலாம்."

"இரும்மா" என்றாள், தலையைத் தூக்காமல். "ஒரு கணக்கு வரமாட்டேங்குது."

அந்த அம்மா எட்டி நோட்டைப் பார்த்தார். சிவப்புக் குறியை ரொம்ப நேரம் பார்த்தார். "இதைப் போட்டது யாரு?"

"நான்தாம்மா" என்றார் டீச்சர், ஏதோ குற்றம் செய்தவர் போல.

லெட்டர் நாலாக மடிந்து கைப்பைக்குள் போயிற்று. "நாளைக்கு என்ன கணக்கு டீச்சர்?"

"தெரியலம்மா. சாயங்காலம் போய்ப் படிச்சுட்டு வரணும்."