பந்தைப் பார்க்காத பூனை

எதிரணி கோல்கீப்பரின் கையுறை கிழிந்துபோனதை இடைவேளையில் கண்ட அச்சக அணிக் கோல்கீப்பர், தம்முடையதைக் கழற்றிச் சத்தமில்லாமல் அவன் பையில் வைத்துவிட்டு வந்தார். மறுபாதி முழுக்க வெறுங்கையால் பந்தைப் பிடித்தார். உள்ளங்கை ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று மச்சான் கேட்டதற்கு, "வேர்த்துச்சு, கழட்டிட்டேன்" என்றார். அந்தக் கீப்பரே பிறகு வந்து சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

அச்சகத்தில் புத்தகம் தைக்கிற பைண்டர் அவர். பத்து வருடமாக அச்சகக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பாய்ச்சலைப் பார்த்துப் பூனை என்று பெயர் வைத்திருந்தார்கள். மச்சான் அவர் மனைவியின் தம்பி. அங்கேயே இயந்திரம் ஓட்டுகிறவன், அணிக்குக் கேப்டன்.

ஒரு வருடம் பூனைக்குத் தூரப்பார்வை மங்கல் என்று டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதை ரப்பர் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு நின்றார். மூன்றே ஆட்டத்தில் ஏழு கோல் உள்ளே போனது.

"பூனை எலிய விட்டுட்டு பொந்த வேடிக்கை பாக்குதுப்பா!" என்று அச்சகமே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அக்காள் புருஷனை உட்காரவைத்துவிட்டு வேறு ஆளை நிறுத்துவதா? மச்சானுக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே போய்விட்டான்.

"மாமா, முன்னாடியெல்லாம் எதைப் பாத்துப் பாஞ்சீங்க?"

"பந்து எங்க தெரிஞ்சுது மச்சான்? உதைக்கிறவன் ஊனுற காலும் இடுப்பும் நிழலாட்டம் தெரியும். அது திரும்புற பக்கம் விழுவேன். இப்ப மூஞ்சி தெரியுது, முழி தெரியுது. முழி ஒரு பக்கம் காட்டுது, காலு இன்னொரு பக்கம் அடிக்குது. நான் முழிய நம்பிக் கெட்டுப்போறேன்."

அக்காள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் மனுஷன் என் மூஞ்சிய ஒழுங்கா பாத்திருக்காரு. கண்ணாடிய பிடுங்கி அதையும் கெடுத்துடாதடா!"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் கண்ணாடிய நீ வச்சுக்கக்கா. மாமாதான் நிக்கிறாரு."

கடவுள்மேல் பாரத்தைப் போட்டுத்தான் அதைச் சொன்னான். மறுநாள் ஆட்டம் முடியச் சற்று முன்பு எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவன் வலது மூலையையே முறைத்துக்கொண்டு ஓடி வந்தான். பந்து அவன் காலை விட்டுக் கிளம்புமுன்பே, கண்ணாடி இல்லாத பூனை மறு மூலைப் பக்கம் விழுந்தாயிற்று. மணிக்கட்டில் பட்டு வெளியே போனது பந்து. ஆட்டம் சமனில் முடிய, கோப்பையை இரண்டு அணியும் ஆறாறு மாதம் வைத்துக்கொண்டன.

சில வருடம் கழித்து அவரும் அக்காளும் மகளோடு இருக்க ரயில் ஏறினார்கள். அதன்பிறகு மச்சானுக்கு அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அன்று வண்டி நகரும்போது ஜன்னலோரம் குனிந்து சொன்னார்:

"அன்னைக்கு நீ என்னை உட்கார வச்சிருந்தா, நியாயம்தான்னு ஒத்துக்கிட்டிருப்பேன் மச்சான். ஆனா ஒரு மாசம் உன்னைத் திட்டித் திட்டி உங்கக்கா காதைப் புண்ணாக்கியிருப்பேன்."