பிரீசரில் பதிந்த பெருவிரல்

காலையில் பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரம் எங்கள் ஒழுங்கை வீடுகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "ஏறாவூர் பிரிட்ஜ் காக்கா மௌத்தாகிட்டாராம்." பிரிட்ஜ் திருத்துகிற எங்கள் மஜீத் காக்கா. வந்தாறுமூலையில் அவர் கைபடாத பிரிட்ஜ் குறைவு. இரங்கல் வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல மனிசன். டீச்சர் வீட்டு பிரிட்ஜ மட்டுந்தான் பழுதாக்கிப்போட்டார், பாவம்." அந்த டீச்சர் நான்தான். சேலையில் குத்த எடுத்த ஊசியோடு அப்படியே இருந்துவிட்டேன். அவரை அறிந்தவர்களே, அந்தக் கதை பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர்கூடக் குளிரவில்லை என்று நான் அழைத்தபோதுதான் அவர் முதல்முறை வந்தார். வந்தவர் குறடு, திருகாணி கிடக்கிற ஆயுதப் பையைத் திறக்கவே இல்லை. பிரிட்ஜின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்றதை ஒரு சாண் முன்னுக்கு இழுத்தார். பின்னால் நான் செருகி வைத்திருந்த சாக்கு, பேப்பர் கட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். "டீச்சர், இது அலுமாரி இல்ல. இதுக்கும் மூச்சு விட இடம் வேணும்" என்றார். ஒரு ஆணியையும் திருகாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். பின்னேரம் தண்ணீர் குடிக்கப் பல் கூசியது.

மறுகா ஒரு தரம் வந்து கதவு ரப்பர் மாற்றினார். "ஐஸ் கட்டினா சுவிட்சை நிப்பாட்டிப்போட்டு விடுங்க, தானா விடும். கத்தி கித்தி வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு கிழமை போகவில்லை. பனிச்சங்கேணி இறால் பொதி ஒன்று பிரீசரில் இறுகிக் கிடந்தது. என் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வரும் நேரம். பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? மீன் வெட்டும் கத்தியை எடுத்துக் குத்தினேன். உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. அதன்பிறகு மோட்டர் ஓடியது, குளிர் மட்டும் வரவில்லை. கத்தியைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தேன். கத்தி வைக்காதே என்று கணவரும் எத்தனையோ தரம் சொன்னவர். அவருடைய ஏச்சுக்குப் பயந்து, "காக்கா வந்து போனதில இருந்தே சரியில்ல" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பக் கூப்பிட்டு வந்த காக்காவை வாசலிலேயே கணவர் பிடித்துக்கொண்டார். "நீங்க கை வச்ச பிறகுதானே இப்பிடி?" கதவு ரப்பருக்கும் உள்ளே ஓடும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? அதைக்கூட அந்த மனிசன் கேட்கவில்லை. பிரீசரைத் துடைத்து, கொஞ்சம் கேஸ் ஏற்றி, சவர்க்கார நுரை தடவினார். ஓரிடத்தில் நுரை குமிழி குமிழியாகப் பொங்கியது. அடியில் நீளமாக ஒரு கீறல், கத்தி போன தடம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். "சேர், பழைய தகடு, ஓட்டை விழுந்திரிக்கி. ஒட்டித் தாறன்" என்று அவர் சொன்னது அங்கே கேட்டது. அவர் பொய் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பசையைக் குழைத்துப் பெருவிரலால் அழுத்தி அடைத்தார். நான் போட்ட தேத்தண்ணியை அன்று அவர் குடிக்கவில்லை.

அன்று பின்னேரமே கணவர் குழுவில் எழுதினார், காக்காவைக் கூப்பிடுகிறவர்கள் கவனம் என்று. "அவங்கட ஆக்கள்ற வேலை இப்பிடித்தான்" என்று இன்னொருவர் தொடர்ந்தார். இந்த வசனம் மட்டும் எங்களுக்கு எப்போதும் நாக்கு நுனியில்தானே இருக்கிறது! அதற்கு நாலு பேர் பெருவிரல் குறி போட்டார்கள். அந்த நாலில் ஒன்று என்னுடையது. பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் அவருடைய மோட்டர்சைக்கிள் வரவே இல்லை.

போன வருசம் செங்கலடிச் சந்தையில் அவரைக் கண்டேன். ஒளிக்க நினைத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"டீச்சர், சுகமா? பிரிட்ஜ் எப்பிடி இரிக்கி?"

"ஓம் காக்கா, நல்லா ஓடுது."

"ஒட்டினதுதானே, பாத்துப் பாவியுங்க."

மன்னிப்பு வாய்வரை வந்தது. சனம் நின்றது உண்மை. ஆனால் அதுவும் ஒரு சாட்டுத்தான். "நேரம் போயிட்டு, வாறன் காக்கா" என்று நழுவினேன். வகுப்பில் உண்மை பேசச் சொல்லிப் பிள்ளைகளை எழுப்பி நிற்பாட்டுகிறவள் நான். சீ!

இன்று பாடசாலைக்குப் போகவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "அந்த மனிசனை ரோட்டில கண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனனே" என்றார். எந்த ஏச்சுக்குப் பயந்தேனோ அது வரவே இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒட்டு மட்டும். சாம்பல் நிறப் பசையில் அவருடைய பெருவிரல் ரேகை அப்படியே கிடக்கிறது. ஐஸ் கட்டினால் மறையும். சுவிட்சை நிப்பாட்டிவிட்டு அவர் சொன்னபடி காத்திருந்தால் திரும்பத் தெரியும். இதை அதே குழுவில் போடுகிறேன், எல்லாரும் வாசியுங்கள். காக்கா எங்கள் பிரிட்ஜைப் பழுதாக்கவில்லை. கத்தியால் குத்தியது நான். அவர் திருத்தித் தந்தது இன்றைக்கும் குளிர்கிறது.