டம்மி ஜன்னலும் தம்பியும்

நியூ ஜெர்சியில் எனக்கு அது முதல் நாள் வேலை. எண்பதுகளின் குளிர்காலம். வீடு வாங்கியிருந்த டாக்டர் என்னை எதிர் நடைபாதையில் நிறுத்தி, "எத்தனை ஜன்னல் தெரியுது தம்பி, எண்ணு" என்றார்.

"ஒன்பது சார்."

"ஏழுதான். ரெண்டு டம்மி!" என்று சிரித்தார்.

1. முகப்பு

இங்கிலாந்தில் வரிசையாக ஜார்ஜ் என்றே பெயர் வைத்துக்கொண்ட ராஜாக்களின் காலத்துப் பாணி, அதனால் ஜார்ஜியன். சிவப்புச் செங்கல், நடுவில் கதவு, அதன்மேல் அரைவட்டக் கண்ணாடி. இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் இருந்தாக வேண்டும். உள்ளே புகைபோக்கி போகிற இடத்திலும் வெளியே ஜன்னல் வேண்டுமென்று செங்கல் மேலேயே சட்டமும் கண்ணாடியும் பொருத்தியிருந்தார்கள். ராஜா காலத்திலேயே இந்தக் கதை என்றால் டாக்டரை என்ன சொல்வது?

பழங்கால வீடு, முகப்பில் ஓர் ஆணியைக்கூட மாற்றக்கூடாது என்று ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டது. உள்ளே கேட்பாரில்லை. ஷீட்ராக் என்கிற ஜிப்சம் பலகை அடித்து, அறைகளை வாடகை ஆபீஸ்களாக்கினோம். கூரையில் இருந்த சுண்ணாம்புப் பூவின் நடுவே பார்ட்டிஷன் வந்தது: பாதிப் பூ வாடகைக்கு வந்த வக்கீலுக்கு, பாதி பாத்ரூமுக்கு. புகைபோக்கிக்குள் ஏ.சி. காற்றுக் குழாயை இறக்கி அடைத்தோம். கீழே குளிர்காயும் பளிங்குக் கணப்படுப்பு மட்டும் அழகுக்கு நின்றது.

நான் எட்டாவதில் பெயில். கப்பலில் பாத்திரம் தேய்த்து, ஹூஸ்டனில் இறங்கி, கூரை ஓடு மாற்றி, பஸ் பிடித்து இங்கே வந்தவன். படுக்க இருந்த ஒரே இடம் இந்த வீட்டின் நிலவறையில், பாய்லர் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில். அங்கே ஆள் தங்கச் சட்டம் இடம் தராது.

"பில்டிங் இன்ஸ்பெக்டர் கண்ல மட்டும் பட்டுடாதே தம்பி. அப்புறம் நீ ரோட்லதான்" என்பார் டாக்டர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

2. பால்

திறப்பு விழா. வாசல்படியில் கோலம். டாக்டர் பட்டு வேட்டியில். பால் காய்ச்ச ஹாட் பிளேட் கொண்டுவந்தார்.

அவர் மனைவி, எங்கள் எல்லாருக்கும் ஆன்ட்டி, ஒப்பவில்லை. "கரண்ட்ல காய்ச்சினா அது கிரகப்பிரவேசமா? டீக்கடைங்க! நெருப்பு வேணும். இவ்ளோ பெரிய கணப்படுப்பு சும்மாதானே இருக்கு?"

புகைபோக்கியை அடைக்கச் சொன்னதே டாக்டர்தான். "ரெண்டு குச்சிதானே, ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிட்டார்.

பாலுக்கு முன்னால் புகை பொங்கியது. அலாரம் நேரே ஃபயர் ஸ்டேஷனில் அடித்தது. பூட்ஸ் கால்கள் கோலத்தின் மேல் ஏறி வந்தன. கூடவே வந்த இன்ஸ்பெக்டர் மாடியிலிருந்து நிலவறைவரை பார்த்தார். டாக்டரும் நானும் பின்னால் போனோம். கட்டில், கம்பளி, ஆணியில் என் சட்டை.

"யார் இங்கே படுக்கிறது?"

"ஸ்டோரேஜ். யாருமே இல்லை" என்றார் டாக்டர் இங்கிலீஷில்.

மேலேயிருந்து ஆன்ட்டியின் குரல்: "தம்பி! உன் கட்டிலுக்கடியில வாளி இருக்குல்ல, எடுத்துட்டு வாப்பா!"

நான் குனிந்து வாளியை எடுத்தேன்.

"தம்பி என்றால் என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

படியில் நின்ற டாக்டரின் மகளுக்குப் பொய் சொல்ல யாரும் சொல்லித் தரவில்லை. "இட் மீன்ஸ் லிட்டில் பிரதர்."

இன்ஸ்பெக்டர் பட்டு வேட்டியைப் பார்த்தார். கரி படிந்த என் பேண்டைப் பார்த்தார். "சொந்தத் தம்பியையா பாய்லர் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்?"

வேலைக்காரனை நிலவறையில் குடிவைத்தேன் என்று சொன்னால் வழக்கு. டாக்டர் கணக்குப் போட்டார். "ஆமாம், தம்பிதான். சும்மா விசிட்."

"அப்படியானால் இப்போதே நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். நான் நின்று பார்க்கிறேன்."

காரில் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

"வேற ரூம் கிடைக்கிற வரைக்கும்தான்" என்றார் டாக்டர்.

"சரிண்ணே" என்றேன். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு: முதலாளி தம்பி என்று கூப்பிட்டால், அதை முகப்பு ஜன்னல் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அறை இருக்கிறதா, செங்கலா என்று சாட்சி பக்கத்தில் இருக்கும்போதே தட்டிப் பார்த்துவிடுங்கள். எனக்கு அறை இருந்தது. டாக்டர் குடியிருந்த வீட்டு மாடியில், தோட்டத்தைப் பார்த்த அறை. பனி முழுக்கக் கரையும்வரை நான் வேறு ரூம் தேடவில்லை.