மழைச் சத்தத்துக்குள் ஒரு தறி

மேலப் பாவடித் தெருவில் அம்சவேணியின் வாய்ஸ் மெசேஜுக்கு அஞ்சாதவர் கிடையாது. எழுதி அனுப்பினாலாவது படிக்காமல் தள்ளிவிடலாம். அவள் எழுத மாட்டாள். போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் பேச ஆரம்பித்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நிறுத்துவாள். "யாருப்பா அது, துரைக்கண்ணு வீட்டாண்ட கால்வா மேல செங்கல் அடுக்கி வச்சிருக்கறது? சாயந்தரத்துக்குள்ள எடுக்கல, நானே எடுத்தாந்து உங்க நடுவூட்டுல வச்சுட்டுப் போவேன், சொல்லிட்டேன்." இப்படி ஒன்று வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். அவள் கணவன் சிவபாலன் பட்டு நெய்கிறவன். "எங்க வூட்டுக்கு மைக் செட்டே தேவையில்லபா" என்று தறியில் உட்கார்ந்தபடியே சிரிப்பான்.

அம்சவேணி அடக்கமான பெண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தான் செய்ததைத் தானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள். சொல்லட்டுமே. செய்தவள்தானே சொல்கிறாள்.

அவளைப் பேச வைத்தது ஒரு ஐப்பசி மழை. அந்தத் தெருவில் எல்லாமே குழித்தறி. நெசவாளி காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பதற்குத் தரையில் ஒரு பள்ளம் இருக்கும். தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் வந்து உட்காருவது அந்தப் பள்ளத்தில்தான். ஈரக் காற்றில் தறியில் கட்டிய பாவு நூல் தொய்ந்தால் பக்கத்தில் தணல் போட்ட ஒரு கரிச்சட்டி வைத்துச் சமாளிக்கலாம். குழியே நிறைந்துவிட்டால் காலை எங்கே வைப்பது? அதனால் பெருமழை பிடித்தால் தெரு ஊமையாகிவிடும். ஒரு தறியும் அடிக்காது. அந்த ஐப்பசியில் தண்ணீர் குழியோடு நிற்கவில்லை, தறிக்கும் மேலே ஏறியது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நெய்துகொண்டிருந்த புடவை, பாதியில், சாக்கடைத் தண்ணீரில் ஊறிச் சரிகை கறுத்துப் போனது. சிவபாலன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்சவேணி அழவில்லை, திட்டினாள். மழையை, கால்வாயை, கால்வாய்க்கு மேல் வண்டி ஏற்றச் சிமெண்டுச் சரிவு கட்டிய அத்தனை பேரையும் பெயர் சொல்லித் திட்டினாள். அந்தப் பட்டியலில் சிவபாலன் பெயரும் இருந்தது.

மறு வருடம் ஒரு தொண்டு நிறுவனம் திட்டம் ஒன்றோடு வந்தது. 'நகர்ப்புறச் சமூகப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஒரே மூச்சில் சொல்லத் தெருவில் ஒருவருக்கும் நாக்குப் புரளவில்லை. வெள்ளத் திட்டம் என்று சுருக்கிக்கொண்டார்கள். தெருக் குழுவுக்குத் தலைவி வேண்டும் என்றதும் எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. இந்த வாயாவது ஒரு வேலைக்கு ஆகட்டும் என்றுதான் அவளை நிறுத்தினார்கள். அவளுக்கும் அது தெரியும்.

வேலை என்னவோ ஒன்றுதான், கால்வாயை மீட்பது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது வெறும் சேறு இல்லை. தறியடியில் பெருக்கித் தள்ளிய அறுந்த இழைகள் வருடக்கணக்காக விழுந்து, பாலிதீன் பையையும் மண்ணையும் சேர்த்துப் பின்னிக்கொண்டு மெத்தை மாதிரி கிடந்தன. பட்டு இழையின் பலம் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? கடப்பாரைக்கே அசைய மாட்டேன் என்றது. அதை வெட்டி எடுக்க வேண்டுமானால் வாசல் சரிவுகளை இடிக்க வேண்டும். அம்சவேணி முதல் கடப்பாரையைத் தன் வாசலில் போடச் சொன்னாள். அதற்கப்புறம் யார் மறுப்பது?

ஒருவர் மறுத்தார். நமச்சிவாயம், தெருவின் மூத்த நெசவாளி. அவர் வாசலில் புதிதாகக் கருங்கல் படி போட்டிருந்தார். உற்சவத்தின்போது சாமி அங்கே நின்று தீபாராதனை ஏற்றுக்கொண்டு போகும்.

"சாமி நிக்கிற படிமா இது. கை வச்சிடுவியா நீ?" என்றார்.

"சாமி பல்லக்குல வராரு மாமா. தண்ணி நடந்து வருது" என்றாள் அம்சவேணி.

தெருவே சிரித்துவிட்டது. படி இடிந்தது, வேறு படி வைத்துக் கொடுத்தார்கள், ஆனால் சிரித்ததை அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேச்சு கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் "சிவபாலன் வூட்டம்மாகிட்ட சொல்லிடு" என்று யாரிடமாவது சொல்லி அனுப்புவார்.

அப்புறம் ஐப்பசி வந்தது. மழை வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

திட்டம் முடிந்தால் அதன் பலனைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்குத் தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தவள் ஸ்ரேயா, திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டுப் பெண். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். வெள்ளம் வந்த வருடத்துக்குப் படம் கொட்டிக் கிடந்தது, இடுப்பளவு தண்ணீர், மிதக்கும் அண்டா, எல்லாம். வராத வருடத்துக்கு ஒரு படம் இல்லை. ஈரத் தெருவை யார் படம் எடுப்பார்கள்? நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், "அக்கா, குரூப்ல நீங்க போட்ட வாய்ஸ் எல்லாம் வேணும்" என்றாள்.

"அது எதுக்கு கண்ணு? முழுக்கத் திட்டுதான் இருக்கும்."

"பரவால்லக்கா. மழை நாள்ல போட்டதும் இருக்குமில்ல, குடுங்க."

பதிவு என்பது அம்சவேணிக்குப் பேருக்காக இல்லை. அவள் தங்கை தையல்நாயகி வாழ்க்கைப்பட்டது பின்னால் இருக்கிற கீழப் பாவடித் தெருவில். மேலத் தெருக் குழிகள் காய்ந்திருந்த அதே ஐப்பசியில் தையல்நாயகியின் குழி நிறைந்துதான் கிடந்தது. "உங்க தெருவுக்கு மட்டுந்தானாக்கா திட்டம்?" என்று அவள் கேட்டது அம்சவேணிக்குச் சோற்றில் கல்லாக நெருடியது. "அடுத்த ஐப்பசிக்கு உன் குழி காஞ்சிருக்கும்டி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஆனால் நிதி கொடுக்கிறவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். மேலத் தெருவில் பலன் உண்டு என்று நிரூபணம் ஆனால்தான் கீழத் தெருவுக்கு வேலை. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிவிடுவார்கள்.

தை பிறந்ததும் நிதி அமைப்பிலிருந்து தாவீது என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம். தையல்நாயகியும் வந்து ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாவீது நல்ல மனிதர்தான், நயமாகத்தான் கேட்டார். "போன ஐப்பசியில உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலைங்களா?"

"வரல சார்" என்றார் துரைக்கண்ணு. "மழ எங்க சார் பேஞ்சுது போன வருசம்?"

அம்சவேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் சொன்னால் போதாதா? "ஆமா, அவ்ளோவா பேயல", "சும்மா தூறிட்டுப் போச்சு" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. வீட்டுக்குள் வராத மழை யார் நினைவிலும் தங்கவில்லை. போதாக்குறைக்கு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அம்சவேணியைக் கையில் பிடிக்க முடியாதே என்ற யோசனையும் சில பேருக்கு.

கடைசியாக நமச்சிவாயம் தொண்டையைக் கனைத்தார். "மழ கம்மி சார். அதான் தண்ணி வரல. கால்வாயும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல."

தாவீது சங்கடமாக ஸ்ரேயாவைப் பார்த்தார். "மழை அளவு எங்ககிட்டயும் இருக்குது. ஆனா அது தாலுகாவுக்கு மொத்தமா எடுத்தது. இந்தத் தெருவுல பேஞ்சதுக்கு என்ன சாட்சி? கீழத் தெரு பள்ளம், அங்க தூறினாலே நிக்கும்னு சொல்றாங்க. அத வச்சும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அம்சவேணி வாயைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டாள். அவ்வளவு பேர் சேர்ந்து இல்லை என்கிறபோது, அவள் ஒருத்தி கத்தினால் அது அவள் வழக்கமான கத்தல்தானே என்பார்கள். தூணோரம் தையல்நாயகியின் முகம் செத்துப் போயிருந்தது. அம்சவேணியால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

"சார், போன ஐப்பசி மழையில போட்டது, ஒண்ணே ஒண்ணு கேட்டுருங்க" என்று ஸ்ரேயா எழுந்தாள். போனைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்து ஓடவிட்டாள். மண்டபம் முழுக்க மழை இரைந்தது. அதை மீறிக்கொண்டு அம்சவேணி முழங்கினாள். "நமச்சிவாயம் மாமா, நீங்க என்னாண்ட பேச வேணாம், காதுல மட்டும் வாங்குங்க. உங்க வாசலாண்ட கால்வாயில குப்பை தடுக்கற வலையில வாழமட்ட மாட்டிக்கினு இருக்குது. நான் உங்க ஜன்னலுக்குக் கீழதான் நனைஞ்சுக்கினு நிக்கிறேன். நானேதான் எடுக்கப் போறேன். எடுத்துட்டு உங்க புதுப் படியிலதான் வைப்பேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நமச்சிவாயத்தின் மூஞ்சி கடுகடுவென்று ஆனது. அம்சவேணி முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். மானம் போனது போனதுதான், எதற்கு இந்தப் பெண் இதைப் போட்டாள் என்று இருந்தது அவளுக்கு.

"அக்கா பேசறத விட்டுருங்க" என்றாள் ஸ்ரேயா. "பின்னாடி என்ன கேக்குதுன்னு மட்டும் கேளுங்க."

மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மழை. அம்சவேணி. அவள் மூச்சு விடுகிற இடைவெளியில், மழைக்குள்ளே, ஒரு தறி அடித்துக்கொண்டிருந்தது. டக்கென்று ஒரு அடி, அதைத் தொட்டுக்கொண்டு டடக்கென்று ஒரு சின்ன எதிரொலி.

நமச்சிவாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு வாட்டி போடும்மா."

போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது என் தறி."

"எப்படிங்க அவ்ளோ உறுதியா சொல்றீங்க?" என்றார் தாவீது.

"என் புள்ள இருமினா எனக்குத் தெரியாதா சார்? தறியில அடிக்கிற பலகையில ஒரு விரிசல், கம்பி போட்டுக் கட்டியிருக்கேன். அதான் அந்த ரெண்டாவது சத்தம்." அந்த மழை நாள் அவருக்கு நினைவு வந்துகொண்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது. "ஜன்னல சாத்திட்டு நெய்ஞ்சேன். சாரல் அப்படி அடிச்சுது. இவ வெளிய நின்னு என்னைத் திட்டிக்கினு இருக்கா, நான் உள்ள குழியில கால் வச்சு நெய்ஞ்சுக்கினு இருக்கேன். காஞ்ச குழி சார்."

நமச்சிவாயம் தாவீதைப் பார்த்துப் பேசினாலும் குரல் கூட்டத்துக்குத்தான். "மழ கம்மின்னு நான் சொன்னது தப்பு. நான் நனையல, அதனால மழையே இல்லன்னு நெனச்சுட்டேன். அவ்ளோ மழைக்கு என் தறி நின்னிருக்கணும். என் அப்பா காலத்துலயும் நின்னுது, என் காலத்துலயும் நின்னுது. அன்னிக்கு நிக்கல."

பிறகு அவர் திரும்பினார். "அம்சா, ஊரையே கூட்டற வாய் இன்னிக்கு இன்னா ஆச்சு? உன் தங்கச்சி தெருவுக்குக் கேளு. வாய் திறந்து கேளும்மா."

அம்சா என்று அவர் கூப்பிட்டு எத்தனை காலம். அம்சவேணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் கேட்பதற்குள் துரைக்கண்ணு முந்திக்கொண்டார். "அடுத்த வாய்ஸப் போடும்மா. அதுல நம்ம தறி இருக்குதா பாப்போம்."

அவ்வளவுதான். அப்புறம் மண்டபம் கல்யாண வீடாகிவிட்டது. ஒவ்வொரு வாய்ஸாக ஓட, ஒவ்வொரு வீடும் மழைக்குள் தன் தறியைத் தேடிப் பிடித்தது. "தோ, தோ, என்னுது", "அது உன்னுது இல்ல, என் மச்சானுது" என்று சண்டை வேறு. அம்சவேணி யாரைத் திட்டுகிறாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. மழை கம்மி என்றவர்களே, அன்றைக்கு எப்பேர்ப்பட்ட மழை தெரியுமா என்று தாவீதுக்குக் கையை விரித்துக் காட்டினார்கள். ஸ்ரேயா ஒவ்வொரு சாட்சியையும் பதிவு செய்தாள். வெயில் இறங்குவதைப் பார்த்து அம்சவேணிதான் அதட்டினாள். "போதும்பா, பொழுது சாயறதுக்குள்ள இந்தப் பொண்ணு சாப்பிடணும்." தாவீது போகும்போது தையல்நாயகியிடம் போய், "உங்க தெருவ எப்பமா வந்து பாக்கலாம்?" என்று கேட்டார்.

நிதி கிடைத்துக் கீழத் தெருவில் இடிக்கப் போன அன்று நமச்சிவாயமும் கூடப் போனார். வாசற்படியைக் காட்டி முரண்டு பிடித்தவர்களிடம், "தண்ணி நடந்து வருதுப்பா" என்று தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அம்சவேணி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். இருந்துவிட்டுச் சாயந்தரம் அது யார் சொன்ன பேச்சு என்று குரூப்பில் விளக்கமாக ஒரு வாய்ஸ் போட்டாள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து கொட்டித் தீர்த்தது. அம்சவேணி வாசலில் நின்று கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. தையல்நாயகியிடமிருந்து வாய்ஸ். தங்கை வாய்ஸ் அனுப்புகிறவளே இல்லை. தண்ணீர் ஏறிவிட்டதோ என்னவோ என்று அவசரமாகக் காதில் வைத்தாள்.

யாரும் பேசவில்லை. மழை இரைந்தது. மழைக்குள்ளே தையல்நாயகியின் தறி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

அம்சவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே சிவபாலன் தறியை நிறுத்தாமலே என்ன என்று கேட்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை வாய்க்கு நேரே பிடித்தாள்.

"கேட்டுச்சுடி தையலு. நிறுத்தாத, நெய்."

அவள் அனுப்பியதிலேயே சின்ன வாய்ஸ் அதுதான்.