ராவ்தாவுக்கு வந்து சேராத மின்னஞ்சல்கள்

ஸ்ஃபாக்ஸ் நகரில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்களில் பலருடைய கணினியில் ஹிஷேம் எல்லூஸின் கை பட்டிருக்கும். எண்ணெய் ஆலை, பல் மருத்துவமனை, மீன் கிட்டங்கி என்று எந்த இடமானாலும் சரக்கு, கணக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்து ஓடவிட்டுக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. முன்பு ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தான். மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை என்று வேலையை விட்டுவிட்டு, குளிர்சாதனம் வேலை செய்யாத ஒரு பழைய காரில் தனியாகக் கிளம்பியவன். கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் தன்னிடம் இருப்பது அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். "நான் கை வச்ச இடத்துக்கு என்னைத் திரும்பக் கூப்பிட மாட்டாங்க" என்று காப்பிக் கடையில் சொல்லிக்கொள்வான். பள்ளியில் பாடம் எடுக்கும் அவன் மனைவி இக்ராக், வேலை பிடிக்காமல்தான் கூப்பிடுவதில்லையோ என்னவோ என்று அவனை வாருவாள்.

அவனுடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் முன்ஸெஃப் ஜல்லூலி. காபெஸ் சாலையில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். நாட்டின் உட்பகுதியில் உள்ள சிறு மருத்துவ நிலையங்களிலிருந்து செவிலியர்கள் அளவுகளையும் படங்களையும் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பட்டறையில் வேலை தொடங்கும். அந்த மின்னஞ்சல்களைத் திறந்து, யாருக்கு எது என்று பிரித்து, நோயாளிகளிடம் தொலைபேசியில் பேசி நாள் குறிப்பதெல்லாம் ராவ்தா. கணவனை இழந்தவள், ஐம்பதைத் தாண்டியவள். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து முன்பக்க மேசை அவளுடையதுதான்.

முன்ஸெஃபுக்கு ஓர் ஆசை வந்தது. ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற இலவச முகவரி வேண்டாம், பட்டறையின் பெயரிலேயே முகவரி வேண்டும், சொந்த அஞ்சல் சேவையகம் வேண்டும், வருகிற மின்னஞ்சல் யார் கையும் படாமல் நேரே மென்பொருளில் ஒரு வேலையாகப் பதிவாகிவிட வேண்டும் என்றார். ஹிஷேம் அதைச் செய்து கொடுத்தான். அஞ்சல் வெளியே போக ஒரு வழி, உள்ளே வர ஒரு வழி. இந்தச் சேவையகம் எங்கள் பெயரில் பேசலாம் என்று இணையப் பெயரின் பதிவுகளில் எழுதி வைத்தான். அப்படி எழுதாவிட்டால் மற்றவர்கள் நம் அஞ்சலைக் குப்பையில் தள்ளிவிடுவார்கள். முதல் சோதனை அஞ்சல் போய், பதில் வந்து, திரையில் ஒரு புது வேலையாகத் தானே முளைத்தபோது முன்ஸெஃப் எல்லாருக்கும் பக்லாவா இனிப்பு வாங்கிவரச் சொன்னார். ராவ்தா மட்டும், தனக்கு இனி என்ன வேலை என்று பாதிச் சிரிப்போடு கேட்டாள். அதே வேலைதான், கொஞ்சம் சுலபமாகும் என்றான் ஹிஷேம்.

கோடை தொடங்கும்போது முன்ஸெஃப் உதிரி மூட்டுகளின் இருப்பைப் பார்க்கப் புதிய பக்கம் ஒன்று கேட்டார். ஓடிக்கொண்டிருக்கிற அமைப்பில் ஹிஷேம் எதையும் சோதித்துப் பார்க்க மாட்டான். முழுதையும் ஒரு பிரதி எடுத்துத் தன் அலுவலகக் கணினியில் வைத்துக்கொண்டு, அதில்தான் முயன்று பார்ப்பான். பிரதி என்றால் எல்லாம் கூடவே வந்துவிடும். நோயாளிகளின் பெயர், பட்டறையின் கணக்கு, அஞ்சல்பெட்டியின் சாவி, எல்லாம். அதனால் பிரதி எடுத்த கையோடு அஞ்சலின் இரண்டு வழிகளையும் அடைத்துவிடுவது வழக்கம். வெளியே போகிற வழியை அடைத்தான். அப்போது மீன் கிட்டங்கியிலிருந்து, ஒன்றும் அச்சாகவில்லை, லாரி நிற்கிறது என்று தொலைபேசி வந்தது. எழுந்து போனான். திரும்பி வந்து இருப்புப் பக்கத்தை முடித்துக் கொடுத்தான். உள்ளே வருகிற வழி திறந்தே கிடந்தது. அந்தக் கணினியும் மூலையில் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு பட்டறையின் அஞ்சல்பெட்டியைச் சில நிமிடங்களுக்கொரு முறை இருவர் வந்து தட்டினார்கள், பட்டறையின் மென்பொருள் ஒன்று, ஹிஷேமின் பிரதி ஒன்று. எது முந்திக்கொண்டதோ அது எடுத்துக்கொண்டு போனது. மற்றதற்குப் பெட்டி காலியாகத் தெரிந்தது. ஒரேயடியாக அஞ்சல் நின்றிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள். பாதி வந்தது, பாதி வரவில்லை. அப்படி இருந்தால் எந்த ஊரிலும் இயந்திரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

புகார்கள் வரத் தொடங்கின. அனுப்பினேன் என்றார்கள் செவிலியர்கள். வரவில்லை என்றாள் ராவ்தா. முன்ஸெஃப் திரையைப் பார்த்தார். அன்றைக்கு வேறு அஞ்சல்கள் வந்திருந்தன. அப்படியானால் இதை மட்டும் யார் தொலைத்தது? ஹிஷேமைக் கூப்பிட்டும் கேட்டார்கள். அவன் தன் இடத்திலிருந்தபடியே பட்டறையின் அமைப்பைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். அது பொய்யல்ல, அந்தப் பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாராவது தெரியாமல் அழித்திருக்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டான்.

அந்த வார்த்தைதான் ராவ்தாவை மேசையிலிருந்து எழுப்பியது. முன்ஸெஃப் கத்தவில்லை. நீண்ட நாள் உழைத்தவள், கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று சொல்லி, சாந்து அச்சு வார்க்கும் பின்னறையில் துணி மடிக்கவும் பட்டைகள் எண்ணவும் அனுப்பிவிட்டார். முன் மேசைக்குத் தன் தங்கை மகளைக் கொண்டுவந்தார். மாற்றத்துக்குப் பிறகும் அஞ்சல்கள் காணாமல் போயின. ஆனால் புதிதாக வந்தவள் என்று யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு காலை நேரம், மூட்டுகளின் இருப்பில் ஏதோ திருத்தம் கேட்டார்கள் என்று ஹிஷேம் அந்தப் பிரதியைத் திறந்தான். திறந்ததும் உள்ளே வேலைகள் குவிந்து கிடந்தன, எல்லாம் புதியவை, ஒன்றையும் யாரும் தொடவில்லை. கஃப்ஸா, சிதி பூஸித், கஸரீன், தாலா என்று பல ஊர்களிலிருந்து. தாலாவிலிருந்து ஒரே பெண்ணுக்காகத் திரும்பத் திரும்ப வந்திருந்தது. சல்ஹா, இடது கால், முழங்காலுக்குக் கீழே. காலைச் செருகுகிற கிண்ணம் உரசுகிறது, தோல் கிழிகிறது, தயவுசெய்து பாருங்கள் என்று செவிலியர் எழுதியிருந்தார். கடைசியாக வந்ததில், புண் சீழ் பிடித்து அவளை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று இருந்தது.

ஹிஷேம் முதலில் அந்த வழியை அடைத்தான்.  பிறகு எல்லா அஞ்சல்களையும் பட்டறையின் அமைப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தான். முன்ஸெஃபைக் கூப்பிட்டு, அஞ்சல்கள் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டிருந்தன, விடுவித்துவிட்டேன் என்றான். எங்கே சிக்கின என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டு நின்றதை நினைத்தால் அவனுக்குப் பின்னாளிலும் உடம்பு கூசும்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இக்ராக் என்னவென்று கேட்டதற்கு வேலை அதிகம் என்றான். பட்டறைக்குப் போனால் பின்னறைப் பக்கம் பார்க்காமல் நடந்தான். ராவ்தாவே ஒருமுறை எதிரே வந்து, அவன் பிள்ளைகளை விசாரித்துவிட்டுப் போனாள்.

சல்ஹாவுக்குப் புதுக் கால் தயாரானதும், பட்டறையில் கால் பொருத்துகிற லுத்ஃபி தாலாவுக்குக் கிளம்பினான். செவிலியர்கள் அளவை எப்படி அனுப்புகிறார்கள் என்று நேரில் பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி ஹிஷேமும் ஏறிக்கொண்டான். போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை.

தாலாவில் குளிர் தொடங்கியிருந்தது. சல்ஹா சாலையோரம் மண் அடுப்பில் தபூனா ரொட்டி சுட்டு விற்பவள். வயல் வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு போன லாரி கவிழ்ந்ததில் கால் போனது. கோடையில்தான் அவளுக்கு வியாபாரம். இந்தக் கோடை முழுக்க அடுப்பு மூட்டவில்லை. லுத்ஃபி கிண்ணத்தைப் பொருத்தும்போது ஹிஷேம் அந்த வடுவைப் பார்த்தான். பிறகு பார்வையை அடுப்பின் மேல் வைத்துக்கொண்டான்.

கால் சரியாக உட்கார்ந்தது. சல்ஹா எழுந்து சுவரைப் பிடித்து நடந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவர்களுக்கு ரொட்டியும் எண்ணெயும் வைத்தாள். பிறகு லுத்ஃபியிடம் கேட்டாள்:

"போன்ல பேசுவாளே ஒரு பொம்பளை, ராவ்தான்னு, அவ இன்னும் இருக்காளா, தொரத்திட்டீங்களா?"

இருக்கிறாள், வேறு வேலையில் இருக்கிறாள் என்றான் லுத்ஃபி.

"நல்லா வேணும் அவளுக்கு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே போன் போட்டு, வாயில வந்ததெல்லாம் சொன்னேன். உன் புள்ளைக்குக் கால் போனாத்தான் உனக்குத் தெரியும்னேன். அவ ஒண்ணும் பேசல. அழுதா. அழட்டும்னு விட்டுட்டேன்."

ஹிஷேம் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"அக்கா, அவங்க மேல தப்பு இல்ல" என்றான். "உங்க கடுதாசி எல்லாம் என் மெஷின்ல வந்து கெடந்துச்சு. நான் ஒண்ண மூட மறந்துட்டேன். அவங்க கண்ணுல அது படவே இல்ல."

சல்ஹாவுக்கு மெஷின் விவகாரம் பிடிபடவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னான். புதுக் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுகூட இருந்தது.

"அப்ப நான் அந்தப் பொம்பளையோட புள்ளைய சபிச்சது?" என்றாள் கடைசியில். "அதை யாரு திரும்ப எடுக்கிறது? நீயா?"

திரும்பி வரும் வழியில் லுத்ஃபி வானொலியைப் போடவில்லை.  கஸரீன் தாண்டியதும், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயே சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றான். நானே சொல்கிறேன் என்றான் ஹிஷேம்.

முன்ஸெஃபிடம் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்பட்டார், ஆனால் அவர் கோபம் வேறு பக்கமாகப் போனது. இது வெளியே தெரிந்தால் மருத்துவ நிலையங்கள் வேறு பட்டறையைத் தேடிக்கொள்ளும், நமக்குள்ளேயே இருக்கட்டும், ராவ்தாவை நல்ல நாள் பார்த்து மெல்ல முன் மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார். ஹிஷேமை நீக்கவும் இல்லை. அந்த அமைப்பு முழுதும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தப்பித்தோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

நேரே பின்னறைக்குப் போனான். ராவ்தா சாந்து படிந்த துணிகளை உதறிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், யாராவது அழித்திருக்கலாம் என்று தான் சொன்ன வார்த்தை உட்பட. அவள் உதறுவதை நிறுத்தினாள்.

"எங்கம்மா கடைசியில என்னையே யாருன்னு கேட்டா, தெரியுமா உனக்கு?" என்றாள்.

தெரியாது என்று தலையசைத்தான்.

"எனக்கும் அது வந்துருச்சுன்னு நெனச்சேன். படிச்சதை மறந்துட்டேனோ, நானே அழிச்சிட்டு அழிக்கலங்கிறேனோன்னு. டாக்டர்கிட்ட போனேன். படம் காட்டி இது என்ன, அது என்னன்னு கேட்டாரு. ஒட்டகம்னேன், கடிகாரம்னேன். ஒண்ணும் இல்லன்னாரு. நான் நம்பல. அடுப்பை அணைச்சிட்டேனான்னு பாதி வழியில வீட்டுக்குத் திரும்பிப் போவேன். எம் பையன்கிட்ட, என்னை எங்கயும் கொண்டுபோய் விட்டுடாதடான்னு சொல்லி வச்சேன்." துணியை மடித்து வைத்தாள். "ஒரு கோடை முழுக்க என் தலையை நானே நம்பல, ஹிஷேம்."

 மன்னிப்புக் கேட்டான். அந்தச் சொல் போதவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

"எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்படி?" என்றாள் அவள். "என்னை எழுப்பி விட்டப்ப எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க."

அந்த வெள்ளிக்கிழமை, மீன் போட்ட கூஸ்கூஸ் சாப்பாட்டுக்குப் பட்டறை முழுதும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஹிஷேம் எழுந்து நின்று சொன்னான். முன்ஸெஃப் முறைத்தார், பிறகு தட்டைப் பார்த்தார். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ராவ்தாவைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் தன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். முன்ஸெஃபின் தங்கை மகள்தான் முதலில் பேசினாள். மேசைச் சாவியை ராவ்தாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, எனக்கு இந்த வேலை முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்றாள். ராவ்தா சாப்பிட்டு முடித்து, கை கழுவிய பிறகுதான் அதை எடுத்தாள்.

சல்ஹா தொலைபேசியில் கூப்பிட்டு ராவ்தாவிடம் அழுததை லுத்ஃபி சொல்லி ஹிஷேம் கேள்விப்பட்டான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவன் விசாரிக்கவில்லை. காப்பிக் கடையில் பழைய பெருமையைச் சொல்வதும் நின்றுபோயிற்று. எந்த நிறுவனத்துக்குப் பிரதி எடுத்தாலும் அடைத்ததை எழுந்து வந்து இன்னொரு தடவை பார்ப்பான். அதனால் மனசு லேசானது என்று சொல்ல முடியாது.

ராவ்தா வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் அவனிடம் பேசினாள். ஏதாவது அஞ்சல் வரவில்லை என்றால் நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடுவாள், வணக்கம்கூட இல்லாமல், "இது உன்னோட தப்பா, என்னோடதா?" என்பாள். அவன் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தேடுவான். பெரும்பாலும் அனுப்பியவர் முகவரியைத் தப்பாக அடித்திருப்பார்.

குளிர்காலத்தில் ஒருநாள் அப்படித்தான் கூப்பிட்டாள். கஃப்ஸாவிலிருந்து வந்த அளவு ஒன்றைக் காணோம். ஹிஷேம் தேடினான். அது வந்திருந்தது, அவள் கையாலேயே வேறொரு நோயாளியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. சொல்லலாமா என்று தயங்கினான். நான்தான் ஏதோ மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் நினைத்தான்.

"மதாம் ராவ்தா, இது உங்களோடதுதான்" என்றான்.

 அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.

"என்னோடதா? நெஜமாவா? பேர் ஒண்ணு மாதிரி இருந்துச்சு, மாத்திப் போட்டுட்டேன் போல. சரி, வை."

தப்பு தன்னுடையது என்று கேட்டும் அவள் தன் தலையைச் சந்தேகப்படவில்லை என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.