மொட்டைத் தலையும் தூண் பாறையும்

அறுபத்திரண்டாம் வருஷம், கார்த்திகை மாசம். பழனியில் மகளுக்கு முதல் முடி இறக்கிவிட்டு அப்படியே கொடைக்கானலையும் பார்த்துவரக் கிளம்பினோம். கிளம்பினோம் என்பது பொய். நான்தான் கிளப்பினேன். மில்லில் மூன்று நாள் லீவு கொடுத்திருந்தார்கள். அதற்குள் எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று எனக்கு வெறி.

வெள்ளனே எழுந்து நானும் பதினான்கு மாசப் பிள்ளையும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டோம். மலையேறிச் சாமி பார்த்து இறங்குவதற்குள் என் மனைவிக்குக் கால் வீங்கிவிட்டது. "இன்னிக்கு இங்கயே படுத்துக் கெடப்போங்க. பிள்ளையும் சிணுங்குது" என்றாள்.

"தூங்குறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று கத்தினேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வத்தலக்குண்டில் பஸ் மாறினோம். மலை வளைவுகளில் பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்தது. கொடைக்கானல் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மழித்த தலையில் அந்தக் குளிர் ஆணி அடித்தது. கடைத்தெருவில் முதல் வேலையாக எனக்கொரு கம்பளி மப்ளர் வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டேன். பிள்ளைக்கு அவள் துண்டு கட்டியிருந்தாள். அது போதுமா என்று நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஏரியைச் சுற்றி நடக்க வைத்தேன். பிறகு தூண் பாறைக்கு நாலு மைல் நடை. அவள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் விரட்டி எழுப்பினேன். பிள்ளை அழவே இல்லை. அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தது. "பாத்தியா, பிள்ளைக்கே ஊர் பிடிச்சுப்போச்சு" என்று பெருமை வேறு. போய்ப் பார்த்தால் ஒரே மூட்டம். பாறையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. தூறலில் கால் மணி நேரம் நின்று வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வழியில் ஒரு டீக்கடை. கடைக்கார பாய் டீயை நீட்டும்போது அவர் கை பிள்ளையின் காலில் பட்டது. "என்னம்மா இது, கல்லு கணக்கா சில்லுனு கெடக்கு?" என்றார்.

"தூங்குதுங்க" என்றேன்.

"தூக்கமா இது? உதட்டப் பாரும்!"

உதடு நீலம் பாரித்திருந்தது. என் மனைவி கன்னத்தைத் தட்டினாள். பிள்ளை கண் திறக்கவில்லை. பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மப்ளரு உமக்கு, மொட்டத்தல பிள்ளைக்காக்கும்?"

வேறு சமயமாக இருந்தால் கை ஓங்கியிருப்பேன். மொட்டைத் தலையில் குளிர் எப்படி ஏறும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அவர் சம்சாரம் ஓடி வந்து, நனைந்த துணியை உருவி எறிந்துவிட்டு, பிள்ளையைத் தன் மார்போடு சேர்த்துக் கம்பளிக்குள் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். "வெரசா கதவச் சாத்துங்க, காத்து வருது" என்று உள்ளிருந்து சத்தம். நான் வெளியே நின்றேன். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போகிற முகம் எனக்கில்லை.

எவ்வளவு நேரம் போனதோ, வீல் என்று ஒரு அழுகை கேட்டது. அந்த அழுகையை அதற்கு முன் எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! அன்றைக்கு ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கும் மறுநாள் பஸ் கிளம்பும்வரைக்கும் அந்த வீட்டில்தான் கிடந்தோம். என் மனைவி அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். அத்தனை களைப்பை அவள் சுமந்து வந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடைக்கானலில் நான் ஒழுங்காகப் பார்த்தது அது ஒன்றைத்தான்.

மகளுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. என் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் கூட நடந்து வருகிறவர் யாராவது "முடியலங்க" என்று சொன்னால், இன்றைக்கும் எனக்குக் கோபத்துக்கு முன்னால் பயம் வந்துவிடுகிறது.